திடீரென்று கிளம்பி ஒரு ரேஸ் டீமின் தலைமையிடத்தைப் பார்த்து வரலாமா? நெல்லைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கார் ஒர்க்ஷாப் நடத்துகிறேன். கடைக்கு ஏர் கம்ப்ரசர் எடுக்கக் கோயம்புத்தூர் போன இடத்தில், கொஞ்சமும் எதிர்பாராமல் ஒரு கார் ரேஸ் டீமின் தலைமையிடத்துக்குள் பகல் முழுவதும் இருக்கக் கிடைத்தது. கூட வந்தவன் என் தங்கச்சி மகன், பேட்டை ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். அவன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வண்டி விட வருகிறவர்கள், அவனோடு படிக்கிற பையன்கள், அந்தப் பையன்களின் அம்மாக்கள் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

எந்த டீம் அது? பெயரைச் சொல்லலாமே, அண்ணாச்சி?

பெயர் போட மாட்டேன். நட்புக்காகக் கதவைத் திறந்துவிட்டார்கள். பெயரைப் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் வாசலில் பைக் வரிசையாக நிற்கும். அவர்கள் வேலை கெடும். தேசிய அளவிலான பந்தயங்களில் கார் ஓட்டுகிற தனியார் டீம், போத்தனூரிலிருந்து செட்டிபாளையம் போகிற பக்கம் இருக்கிறது. இவ்வளவு போதும். அவர்கள் ஓட்டுவது ஃபார்முலா எல்.ஜி.பி. வகைக் கார்கள். ஒற்றை இருக்கை, சக்கரங்கள் நான்கும் வெளியே தெரியும், டிரைவருக்குப் பின்னால் மாருதி சுஸுகியின் 1300 சிசி எஞ்சின். இந்தப் பிரிவில் எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி கார்தான்.

முன்கூட்டிச் சொல்லாமல் போய் எப்படி உள்ளே விட்டார்கள்?

நாகர்கோவிலிலிருந்து வருகிற இரவு ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறிப் படுத்தால் காலையில் கோயம்புத்தூரில் இறங்கிவிடலாம். திரும்புகிற ரயில் இரவில்தான். நாங்கள் போன வேலை காலையிலேயே முடிந்துவிட்டது. மிச்சப் பகலை எங்கே கழிப்பது என்று யோசிக்கும்போது மருமகன் கம்ப்ரசர் கடைக்காரரிடம் சும்மா கேட்டு வைத்தான்: "இங்கன ரேஸ் காரு எங்கண்ணே பாக்கலாம்?"

அவர், "நம்மகிட்ட கம்ப்ரசர் எடுத்த டீம் ஒண்ணு இருக்குதுங்க தம்பி, கேட்டுப் பாக்கட்டுங்களா?" என்று போனை எடுத்தார். பந்தயக் காரின் சக்கரத்தை ஏர் கன் வைத்துத்தான் கழற்றுகிறார்கள் என்பதால் கம்ப்ரசர்காரருக்கு அங்கே பழக்கம். மறுமுனையில் இருந்தவர் யார் வருகிறார்கள் என்று மட்டும் கேட்டார். "திருநெல்வேலியில ஒர்க்ஷாப் வெச்சிருக்காருங்க, கூட படிக்கிற பையன் ஒருத்தன்" என்றதும், மதியத்துக்குள் வந்துவிடச் சொன்னார்.

இதில் உங்களுக்குப் பயன்படுகிற விஷயங்கள் இருக்கின்றன. நேராகப் போய் வாசலில் நிற்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் போன் போட்டுவிட்டுப் போங்கள். அரை மணி நேரம்தான் கேளுங்கள். பிடித்துப்போனால் அவர்களே இருக்கச் சொல்வார்கள். பந்தயத்துக்கு முந்தைய வாரம் கேட்கவே கேட்காதீர்கள், அப்போது அவர்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். கம்ப்ரசர் கடைக்காரருக்கென்று வீட்டிலிருந்து கொண்டுபோன உடன்குடிக் கருப்பட்டியில் பாதியைப் பட்டறைக்குக் கொடுத்தோம். மதியம் அதில்தான் காபி போட்டார்கள்.

தலைமையிடம் என்றால் பெரிய கண்ணாடிக் கட்டடமா?

இல்லை. காம்பவுண்டுக்குள் தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். ஆபீஸ் என்பது ஒரு மூலையில் மேஜை, லேப்டாப், சுவரில் வெள்ளைப் பலகை. ஆனால் தரையைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி துடைத்து வைத்திருக்கிறார்கள். ஆயில் கசிவைத் தேட அதுதான் முதல் வழி என்று மெக்கானிக் சொன்னார். காரை நிறுத்திய இடத்தில் மறுநாள் காலை தரையைப் பார்ப்பதிலிருந்து அவர்கள் வேலை தொடங்குகிறது.

இந்த வகைப் பந்தயம் ஒன்று ஓடி முடிய அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த அரை மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் வாரக் கணக்கில் நடக்கிற வேலை முழுவதும் இந்த ஷெட்டில்தான். டி.வி.யில் ரேஸ் பார்க்கிற நம் பையன்களுக்குத் தெரியாத பாதி இதுதான் என்பதால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உள்ளே என்னதான் பார்த்தீர்கள்?

நாங்கள் போனபோது ஒரு காரின் மேல்மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த கூடு, அதற்குள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு நிறுத்தி, முன்னிருந்து பின்வரை நைலான் நூல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மருமகன் என் காதுக்குள், "மாமா, கொத்தனார் மாதிரில்லா நூல் கட்டிருக்காவ" என்றான்.

அது வீல் அலைன்மென்ட். இரண்டு நூலும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று முதலில் சரிபார்க்கிறார்கள். அப்புறம் ஸ்டீல் ஸ்கேலை ரிம்மின் முன் விளிம்பில் ஒருமுறை, பின் விளிம்பில் ஒருமுறை வைத்து நூல் வரைக்கும் அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ, அதாவது சக்கரம் உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்ற கணக்கு. அரை மில்லிமீட்டருக்கு டை ராடைத் திருப்பி, மறுபடி அளந்து, மறுபடி திருப்பினார் அந்த மெக்கானிக். நம் ஊரில் கம்ப்யூட்டர் மெஷின் வந்த பிறகு நூலை எல்லாரும் மறந்துவிட்டோம். பந்தய நாளில் அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நூலும் ஸ்கேலும் டூல் பாக்ஸுக்குள் போய்விடும்.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் தனித்தனி எடைத் தட்டு வைத்தார்கள். ஒவ்வொரு சக்கரமும் எத்தனை கிலோ தாங்குகிறது என்று நான்கு எண்கள் பெட்டியில் தெரியும். டிரைவர் உட்கார்ந்திருக்கிற எடையோடுதான் இதைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு டிரைவர் ஊரில் இல்லை. மெக்கானிக் மணல் பையை எடுக்கப் போனவர் நின்று, மருமகனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி எத்தன கிலோங்க?"

"அறுவத்தி நாலுண்ணே."

"செருப்பக் கழட்டிட்டு வந்து உக்காருங்க. அசையக் கூடாதுங்க."

அவன் மூச்சைக்கூட அளந்து விட்டான். ரேஸ் காரில் உட்காருவது என்பது காலை நீட்டிப் படுப்பதுதான். முட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழே இடிக்கும், பெடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும். சீட்டையே டிரைவரின் உடம்புக்கு வார்க்கிறார்கள். பாலிதீன் பைக்குள் ஃபோம் கரைசலை ஊற்றி, அதன்மேல் டிரைவரை உட்கார வைத்தால் அது பொங்கி அவர் முதுகின் அளவுக்கு உறைந்துவிடும். அடுத்தவர் முதுகுக்கு வார்த்த சீட்டில் மருமகன் நெளியாமல் இருந்தது பெரிய விஷயம்.

முன் இடது சக்கரத்தின் எடையையும் பின் வலது சக்கரத்தின் எடையையும் கூட்டினால் மொத்தத்தில் பாதி வர வேண்டும். வராவிட்டால் கார் ஒரு பக்கத் திருப்பத்தில் நன்றாகவும் மறுபக்கத் திருப்பத்தில் மோசமாகவும் போகும். மெக்கானிக் ஒரு ஸ்பிரிங்கின் அடித்தட்டைக் கால் சுற்றுத் திருப்பினார். அந்த மூலையில் எண் ஏறியது. குறுக்கே எதிர் மூலையிலும் ஏறியது, மற்ற இரண்டிலும் இறங்கியது. காரை அழுத்தி ஆட்டிவிட்டு மறுபடி எண்களைப் பார்த்து நோட்டில் எழுதினார். இதை அவர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் செய்கிறார்கள்.

இன்னொன்று, போல்ட்டில் போடுகிற வெள்ளைக் கோடு. ஒருவர் இறுக்கத்தை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்சால் முறுக்கி, போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்கிறார். இன்னொருவர் வந்து சரிபார்த்துத் தாளில் கையெழுத்துப் போடுகிறார். கோடு உடைந்து விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று குனியாமலே தெரிந்துவிடும். முக்கியமான இடங்களில் போல்ட் தலையில் ஓட்டை போட்டு ஒயர் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒயரின் இழுப்பு எப்போதும் போல்ட்டை இறுக்குகிற திசையில்தான் இருக்க வேண்டும். அந்த வெள்ளைக் கோட்டை என் ஒர்க்ஷாப்பில் வீல் நட்டுக்கும் பிரேக் காலிப்பருக்கும் கொண்டுவந்துவிட்டேன். மேஸ்திரியிலிருந்து கடைசிப் பையன் வரை எல்லாரும் போடுகிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கார் என்றால், அப்புறம் டீமுக்கு என்ன வேலை?

நம்ம பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரிவு வைத்து விடும்போது வண்டிகள் ஏறக்குறைய ஒன்றுதான். சக்கரத்தை யார் எப்படிப் பார்த்து வைத்தார், மாட்டை யார் எப்படித் தீனி போட்டுப் பழக்கினார் என்பதில்தான் முந்துவதும் பிந்துவதும்.

காரில் அந்தப் பார்த்து வைக்கிற வேலைக்கு ஒரு உதாரணம் டயர் காற்று. ஓட ஓட டயர் சூடேறும், உள்ளே அழுத்தம் கூடும். சூடான பிறகு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால் கிளம்பும்போது அதைவிடக் குறைத்துத்தான் நிரப்புகிறார்கள். காலைப் பத்து மணித் தரைக்கு ஒரு அளவு, உச்சி வெயில் தரைக்கு வேறு அளவு. ஓடி வந்த உடனே, சூடு ஆறுவதற்குள் நான்கு டயரையும் அளந்து எழுதுகிறார்கள். பழைய நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்குதான் டீமின் சொத்து என்று எனக்குத் தோன்றியது.

ஏன் கோயம்புத்தூரில் இவ்வளவு ரேஸ்? நம் பக்கம் ஏன் இல்லை?

முதல் காரணம் ஒரு மனிதர், எஸ். கரிவரதன். கோயம்புத்தூர் மில் குடும்பத்தைச் சேர்ந்தவர், தானே பந்தயம் ஓட்டியவர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாதவர்களும் ஓட்ட வேண்டும் என்று மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். ஒரு தலைமுறை இந்திய டிரைவர்கள் அதில்தான் கற்றுக்கொண்டார்கள். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்களில் ஒருவர்தான் நாராயண் கார்த்திகேயன். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனும் ராலி ஓட்டியவர். 2005-இல் ஜோர்டான் அணிக்காக நாராயண் ஓட்டியபோது, கார் பந்தயத்தின் உச்சமான ஃபார்முலா 1-இல் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். டயர் பிரச்சினையால் மிஷலின் டயர் போட்ட அணிகள் எல்லாம் விலகிக்கொள்ள, ஆறு கார் மட்டும் ஓடிய பந்தயம் அது. அதை வைத்துச் சிலர் அந்த நான்காம் இடத்தைக் குறைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஆறில் ஒருவராக இருக்கவே அவர் எவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும்!

இரண்டாவது காரணம் ஊரின் கைத்தொழில். பம்பு, மோட்டார், கிரைண்டர், ஃபவுண்டரி, லேத். நாங்கள் இருக்கும்போதே ஒரு புஷ் தேய்ந்துபோயிருப்பதைப் பார்த்தார்கள். ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பைக்கில் போனார். சாயங்காலத்துக்குள் புதிது கடைந்து வந்துவிட்டது. அந்த வசதி நம்மிடம் அவ்வளவு நெருக்கமாக இல்லை.

சென்னையின் கதை வேறு, அது இன்னும் பழையது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. பழைய விமான ஓடுதளமான சோழவரத்தில் பல வருடங்கள் பந்தயம் நடந்தது. 1990 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீள ட்ராக் வந்தது.

கம்ப்ரசர் வாங்கினீர்களா, இல்லையா?

வாங்கினோம். லாரியில் வந்து சேர்ந்தது. நன்றாக ஓடுகிறது.

செட்டிபாளையம் ட்ராக்கையும் பார்த்தீர்களா?

பார்த்தோம். சாயங்காலம் பட்டறைக்காரர்களே கொண்டுபோய் விட்டார்கள். சுமார் 2.1 கிலோமீட்டர், சின்ன ட்ராக்தான். பந்தயம் இல்லாத நாளிலும் பயிற்சிக்கு வாடகைக்கு விடுகிறார்கள்; அன்றைக்கு யாரோ பயிற்சி ஓட்டிக்கொண்டிருந்தார்கள், கேட்டுக்கொண்டு ஓரமாக நின்றோம். திருப்பத்துக்கு வரும்போது கார் கடைசி நொடி வரை வேகம் குறையாமல் வருகிறது. பகலில் நூல் கட்டி அளந்ததைப் பார்த்துவிட்டு வந்ததால் என் கண் முழுக்க முன் சக்கரத்திலேயே இருந்தது. இது தனியார் இடம், வாசலில் கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.

ஓசூரில் டி.வி.எஸ். ரேசிங் இருக்கிறதே, அதைப் பார்க்கலாமா?

டி.வி.எஸ். ரேசிங் 1982-இல் தொடங்கியது. ஒரு வண்டிக் கம்பெனியே சொந்தமாக நடத்துகிற பந்தய அணி இந்தியாவில் அதற்கு முன் இல்லை. ஓசூரில் தொழிற்சாலையோடு சேர்ந்து இருப்பதால் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. கல்லூரி மூலமாக, துறைத்தலைவர் கடிதத்தோடு முன்கூட்டிக் கேட்பதுதான் முறை. நெல்லையிலிருந்து ஓசூர் ஒரே நாளில் போய்த் திரும்புகிற தூரமும் இல்லை.

இதில் நமக்குப் பெருமைப்பட ஒன்று உண்டு. டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-இல் பிறந்தது நம் திருக்குறுங்குடியில். நம்பிராயர் கோயில் இருக்கிற அதே ஊர். வக்கீல் வேலை, ரயில்வே வேலை எல்லாம் பார்த்துவிட்டு மதுரையில் 1911-இல் தொழிலைத் தொடங்கினார், பஸ் விட்டார். அந்த வழியில் வந்த கம்பெனியின் ஆதரவோடு ஓட்டிய ஹரித் நோவா, 2024 டக்கார் ராலியில் பைக்குகளுக்கான ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். உலகத்திலேயே கடினமான ராலி அது. வள்ளியூர், ஏர்வாடி பக்கத்துப் பையன்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அஜித் சார் டீம்?

இதைக் கேட்காத பையனே இல்லை. அஜித்குமார் ரேசிங் அணி ஐரோப்பிய அணிகளின் துணையோடு ஓடுகிறது. கார்களும் வேலையும் பெரும்பாலும் அங்கேதான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 992 என்கிற போர்ஷே கார்ப் பிரிவில் அவருடைய அணி மூன்றாம் இடம் பிடித்தது. அவர் 2003-லேயே ஃபார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியாவிலும், 2010-இல் ஃபார்முலா 2-விலும் ஓட்டியவர். கோயம்புத்தூரில் போய் அவர் பட்டறையைத் தேட வேண்டாம்.

மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். ஃபார்முலா 1 டீமின் தலைமையிடத்தைப் பார்க்க முடியுமா?

பிள்ளைகளைப் பார்க்க விசா எடுத்துப் போகிற நெல்லைப் பெற்றோர் இப்போது நிறையப் பேர், அதனால் இந்தக் கேள்வியும் அடிக்கடி வருகிறது. ஃபார்முலா 1 அணிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. மெர்சிடிஸ் பிராக்லியில், ரெட் புல் மில்டன் கீன்ஸில், மெக்லாரன் வோக்கிங்கில். நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்வது வில்லியம்ஸ். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் குரோவ் என்ற கிராமத்தில் இருக்கிறது. லண்டன் பேடிங்டனிலிருந்து டிட்காட் வரை ரயில், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து காரில் போக வேண்டும்.

ஃபிராங்க் வில்லியம்ஸும் பேட்ரிக் ஹெட்டும் 1977-இல் டிட்காட்டில், கம்பளம் வைக்கிற பழைய கிடங்கு ஒன்றில் தொடங்கிய டீம் அது. 1986-இல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, சக்கர நாற்காலியிலிருந்தே ஃபிராங்க் வில்லியம்ஸ் அணியை நடத்தினார். அணிகளுக்கான சாம்பியன் பட்டத்தை ஒன்பது முறை வென்றிருக்கிறார்கள். நாராயண் கார்த்திகேயன் 2006, 2007-இல் அங்கே டெஸ்ட் டிரைவராக இருந்தார். பழைய பந்தயக் கார்களை அங்கேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். 1992-இல் நைஜல் மான்செல் சாம்பியன் ஆன எஃப்.டபிள்யூ.14பி மாடல், சஸ்பென்ஷனைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கிய கார். மெக்கானிக்குகள் அதன் எதிரில் வெகுநேரம் நிற்பார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: அங்கே முன்பதிவு வேண்டும். கோயம்புத்தூர் மாதிரி போன் போட்டு அரை மணி நேரம் கேட்க முடியாது. பதிவு கிடைக்காவிட்டால் சில்வர்ஸ்டோன் ட்ராக்கோடு சேர்ந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம். இத்தாலிக்குப் போகிறவர்களுக்கு மாரனெல்லோவில் ஃபெராரி அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது.

பையன் நாற்கரச் சாலையில் வேகமாக ஓட்டுகிறான். அவனுக்கு ரேஸ் ஆசை இருக்கிறது என்று விட்டுவிடலாமா?

விடவே கூடாது. பட்டறையில் மெக்கானிக் முதலில் காட்டியது ஹெல்மெட், கழுத்தைப் பிடிக்கிற ஹான்ஸ் கருவி, தோளையும் இடுப்பையும் தொடையிடுக்கையும் சேர்த்துக் கட்டுகிற பெல்ட். ட்ராக்கில் எதிரே லாரி வராது, குறுக்கே ஆடு வராது. திருப்பத்துக்குத் திருப்பம் கொடியோடு ஆள் நிற்பார், ஆம்புலன்ஸ் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும். இவ்வளவுக்குப் பிறகுதான் அவர்கள் வேகமாகப் போகிறார்கள். கங்கைகொண்டான் பக்கமோ வல்லநாட்டு இறக்கத்திலோ இதில் ஒன்றுகூட இல்லை. அந்தச் சாலையில் அடிபட்ட வண்டிகளை என் ஒர்க்ஷாப்புக்கு இழுத்து வருகிறார்கள். ஓட்டியவன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவே எனக்கு நாக்கு எழுவதில்லை.

பொதுச்சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது ஆகாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் இருக்கிறது. ஆசை உண்மையாக இருந்தால் கோ-கார்ட் ட்ராக்குக்குக் கூட்டிப் போங்கள். பந்தயம் ஓட்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்கிற இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். அதற்கு முறையான பயிற்சியும் மருத்துவச் சான்றும் உண்டு.

டீமில் வேலைக்குச் சேர என்ன படிக்க வேண்டும்? பெண் பிள்ளைகளும் சேரலாமா?

நாங்கள் பார்த்த பட்டறையில் ஐ.டி.ஐ. முடித்தவர், டிப்ளமோ முடித்தவர், பி.இ. முடித்தவர் எல்லாரும் ஒரே மேஜையில் வேலை பார்த்தார்கள். டீமை நடத்துகிறவரிடம் மருமகன் இதையேதான் கேட்டான். "எடுத்த ஸ்பேனரத் தொடச்சு எடுத்த எடத்துல வைக்கறீங்களான்னு ரெண்டு நாள் பார்ப்பேனுங்க தம்பி. மத்ததெல்லாம் நாங்க சொல்லித் தந்துக்குவோம்" என்றார்.

இன்ஜினீயரிங் படிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி மாணவர் போட்டிகள். பாஜா, சுப்ரா, ஃபார்முலா பாரத் என்று மாணவர்களே கார் கட்டிக் கொண்டுவந்து ஓட்டுகிற போட்டிகள் நடக்கின்றன. ஃபார்முலா பாரத் செட்டிபாளையம் ட்ராக்கிலேயே நடந்திருக்கிறது. நம் அரசு பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் இதை விடக் கூடாது. துல்லியமான எஞ்சின் வேலை எங்கோ தூரத்தில்தான் நடக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். நம் மகேந்திரகிரியில்தான் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களை ஏற்றிச் சோதிக்கிறது.

பெண் பிள்ளைகள் தாராளமாகச் சேரலாம். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பெண்கள் பிரிவில் உலகக் கோப்பை பாஜா பட்டம் வென்றார், பைக்கில். இந்த பாஜா கரடுமுரடான தரையில் ஓட்டுகிற பந்தயம், மேலே சொன்ன மாணவர் போட்டி வேறு. மகளுக்கு ஆசை இருந்தால் ஸ்பேனரை அவள் கையிலும் கொடுங்கள்.

போட்டோ எடுக்க விடுவார்களா?

கேட்டுவிட்டு எடுங்கள். காரோடு நின்று எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. சஸ்பென்ஷனையும் வெள்ளைப் பலகையையும் நோட்டையும் எடுக்கக் கூடாது. அதில் இருப்பது அவர்கள் சேர்த்த அறிவு. பட்டறையில் எதையும் தொடாதீர்கள், மேஜையில் இருக்கிற நட்டைக்கூட. அவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு செலவாகும்?

போக வர ஸ்லீப்பர் டிக்கெட், ஆட்டோ, சாப்பாடு, அவ்வளவுதான். பட்டறையில் யாரும் காசு கேட்கவில்லை. திடீரென்று கிளம்பினால் ரயிலில் இடம் கிடைக்காது. வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து இரவு பஸ் இருக்கிறது.

பட்டறையில் அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

பந்தய நாளில் போங்கள். கோயம்புத்தூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தேசியப் பந்தயங்கள் பெரும்பாலும் வருடத்தின் பிற்பாதியில் நடக்கின்றன. தேதி செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் வரும். டீம்கள் பட்டறையையே பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு அங்கே வந்து இறங்குகிறார்கள். கார்கள் நிற்கிற பேடாக் பகுதிக்குள் விடுகிறார்களா என்று நுழைவாயிலிலேயே கேளுங்கள். விட்டால் சனிக்கிழமை போங்கள், அன்று தகுதிச் சுற்று இருக்கும். ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து காரை மாற்றி மாற்றிச் சரிசெய்வதைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அது கண்ணில் படாது. தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள். கார் உள்ளே வந்து நின்றதும் டிரைவர் முகத்தைப் பார்க்க எல்லாரும் ஓடுவார்கள். நீங்கள் டயர் பக்கம் நில்லுங்கள். அளவுமானியோடு ஒருவர் குனிவார், கூட நோட்டோடு ஒருவர் நிற்பார்.